911 போனை எடுக்கிறவர்களை யார் கண்காணிக்கிறார்கள்? கலிபோர்னியாவை வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

911 என்பது அமெரிக்காவின் அவசர உதவி எண். கலிபோர்னியாவில் அதற்கு வரும் அழைப்புகளில் 95 சதவீதத்தை 15 நொடிக்குள் எடுத்தாக வேண்டும். இது மாநில அரசு வைத்திருக்கும் அளவுகோல். ஆனால் போனை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் மாநில ஊழியர்கள் இல்லை, நகரத்தையோ கவுண்டியையோ (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சேர்ந்தவர்கள். அளவுகோல் ஒரு கையில், ஆளும் சம்பளமும் இன்னொரு கையில். இந்த ஏற்பாட்டைப் பற்றி அங்கே இருக்கும் நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

911-ஐ நடத்துவது அமெரிக்க மத்திய அரசு இல்லையா?

இல்லை. நாடு முழுக்க ஒரே எண் என்பதால் எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் எல்லா அழைப்பும் போய் விழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவில் ஹேலிவில் என்ற சின்ன ஊரில்தான் முதல் 911 அழைப்பு போனது. அதற்குப் பிறகும் ஊர் ஊராக, அவரவர் வசதிக்கு ஏற்பத்தான் இது பரவியது. அதனால் இன்றும் சுமார் 6,000 தனித்தனி மையங்கள். கலிபோர்னியாவில் மட்டும் ஏறக்குறைய 450. பெரும்பாலும் நகரக் காவல்துறை, கவுண்டி ஷெரிப் (கவுண்டியின் போலீஸ் தலைவர்), நெடுஞ்சாலை ரோந்துப் படை ஆகியவை நடத்துபவை. சில இடங்களில் நாலைந்து ஊர்கள் சேர்ந்து நடத்துபவை.

மத்தியில் இருக்கும் எஃப்சிசி, அதாவது தொலைத்தொடர்பு ஆணையம், போன் கம்பெனிகளைத்தான் கேள்வி கேட்கும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருப்பவர் மீது அதற்கு அதிகாரம் இல்லை. நடுவில் இருப்பது மாநிலம். கலிபோர்னியாவில் இதற்கான சட்டம் 1972-இல் வந்தது. இன்று ஆளுநரின் அவசரச் சேவை அலுவலகம் (எல்லோரும் 'கால் ஓஇஎஸ்' என்பார்கள்) அதற்குள் 911-க்கென்று ஒரு பிரிவை வைத்துப் பார்த்துக்கொள்கிறது.

அந்த 15 நொடி எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது முடிகிறது?

அழைப்பு மையத்தின் கருவிக்கு வந்து மணி அடித்ததும் ஆரம்பம். ஒரு மனிதர் எடுத்துப் பேசியதும் முடிவு. அவ்வளவுதான், அதற்கு முன்னும் பின்னும் இருப்பது எதுவும் இந்தக் கணக்கில் வராது.

முன்னால் என்ன இருக்கிறது? நீங்கள் எண்ணை அழுத்தியதிலிருந்து டவர், நெட்வொர்க் எல்லாம் தாண்டி மையத்துக்குப் போய்ச் சேரும் நேரம். பின்னால்தான் நிறைய இருக்கிறது: முகவரி கேட்பது, என்ன பிரச்சினை என்று புரிந்துகொள்வது, வண்டியை அனுப்புவது, வண்டி வந்து சேர்வது. ஒருவருக்கு நெஞ்சு வலி, வீட்டில் யாரோ 911 அடிக்கிறார்கள் என்று வையுங்கள். பல ஊர்களில் முதலில் எடுப்பது காவல்துறை மையம். ஒன்பதாவது நொடியில் எடுத்துவிட்டார்கள். 'போலீஸா, தீயணைப்பா, மருத்துவமா?' மருத்துவம் என்றதும் தீயணைப்புத் துறையின் தனி மையத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். அங்கே போன் மறுபடி அடிக்கிறது, அடிக்கிறது, முப்பது நொடி கழித்து எடுக்கிறார்கள், மறுபடியும் முகவரியிலிருந்து தொடங்குகிறார்கள். வீட்டில் இருப்பவருக்கு இது ஒரே அழைப்பு. முதல் மையத்தின் கணக்கிலோ ஒன்பது நொடி, பாஸ்.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கருவியால் எண்ண முடிந்தது அந்தத் துண்டைத்தான், அதனால் அதற்கு விதி இருக்கிறது.

'சராசரி 16 நொடி' என்று ஒரு ஊர் சொல்கிறது. பரவாயில்லையே?

சராசரியை நம்பாதீர்கள். நூறு அழைப்பில் தொண்ணூறை ஐந்து நொடியில் எடுத்து, மீதிப் பத்துப் பேரை இரண்டு நிமிடம் காக்க வைத்தால் சராசரி பதினாறரை நொடிதான் வரும். செய்திக் குறிப்பில் படிக்க அழகாக இருக்கும். அந்தப் பத்துப் பேரைக் கேட்டால் வேறு கதை.

மாநிலம் சதவீதத்தைக் கேட்பது இதனால்தான். அதிலும் ஓட்டை இருக்கிறது, அது வேறு விஷயம்: 95 பேரைப் பதினான்கு நொடியில் எடுத்துவிட்டு, ஐந்து பேரை நான்கு நிமிடம் விட்டாலும் விதிப்படி தேர்ச்சி. அப்புறம், ஒரு மாதக் கணக்கு என்று பார்த்தால் நள்ளிரவு மூன்று மணிக்கு வரும் சொற்ப அழைப்புகளும் சனிக்கிழமை இரவு நெரிசலும் ஒன்றாகக் கலந்துவிடும். நம் ஊர் மையம் எப்படி என்று தெரிய வேண்டுமானால் மணிவாரியாகக் கேட்க வேண்டும்.

ஒப்பிட வேண்டுமானால், நீனா என்ற தேசிய அமைப்பு 2020-இல் சொன்ன தரம் 15 நொடிக்குள் 90 சதவீதம், 20 நொடிக்குள் 95 சதவீதம். கலிபோர்னியா அதைவிடக் கொஞ்சம் கறாராக இருக்கிறது, காகிதத்தில்.

காத்திருந்து வெறுத்துப் போய் வைத்துவிட்டால் அந்த அழைப்பு என்ன ஆகும்?

கைவிடப்பட்ட அழைப்பு என்று தனியாக எண்ணுவார்கள். திரும்ப அழைத்துப் பார்ப்பதும் மையத்தின் வேலைதான். எந்த ஊரின் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும் இந்த எண்ணிக்கை எங்கே போயிருக்கிறது என்று முதலில் தேடுங்கள். காத்திருந்து வைத்துவிட்டவர்களை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டால் சதவீதம் தானாக ஏறும்.

இன்னொன்று, மறுபடி மறுபடி வைத்துவிட்டு அடிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குப் போவீர்கள். டிஸ்பாட்சர் (போனை எடுத்து வண்டியை அனுப்புகிறவர்) தலையில் திரும்ப அழைக்கும் வேலையும் சேரும்.

மையங்கள் தாங்களே எழுதிக் கொடுப்பதைத்தான் மாநிலம் நம்புகிறதா?

இதில் கலிபோர்னியாவைப் பாராட்டலாம். மையங்களில் ஈகாட்ஸ் என்ற அழைப்புக் கணக்கு மென்பொருள் இருக்கிறது. எந்த நொடியில் வந்தது, எந்த நொடியில் எடுத்தார்கள், எங்கே மாற்றினார்கள் என்பது கருவியிலிருந்தே பதிவாகிறது. மாநிலப் பிரிவு தன் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கையால் எழுதும் பதிவேட்டில் நடக்கிற தில்லுமுல்லுக்கு இதில் இடம் குறைவு. 'எங்களுக்குத் தெரியவே தெரியாது' என்று மாநிலமும் சொல்ல முடியாது, நகரமும் சொல்ல முடியாது.

சரி, தெரிகிறது. தவறினால் என்ன செய்வார்கள்?

இங்கேதான் எனக்கு இந்த ஏற்பாட்டின் மீதே கேள்வி.

மாநிலம் மையங்களுக்கு என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். போன் பில்லில் 911-க்கென்று ஒரு கட்டணம் பிடிக்கிறார்கள் இல்லையா? 2020 முதல் அது ஒரு லைனுக்கு மாதம் இவ்வளவு என்ற முறையில் வசூலாகிறது; சட்டப்படி 80 சென்ட்டுக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பணத்தில் மையங்களுக்கு அழைப்பு வாங்கும் கருவி, நெட்வொர்க், இருப்பிடத் தகவல் ஆகியவை வருகின்றன. அங்கே வேலை பார்ப்பவர்களின் சம்பளம் அதிலிருந்து வருவதில்லை, அது நகரத்தின் பட்ஜெட்.

இப்போது ஒரு மையம் தாமதமாக எடுக்கிறது. ஏன்? பத்தில் ஒன்பது இடங்களில் ஆள் பற்றாக்குறை என்றுதான் பதில் வரும். மாநிலத்திடம் இருக்கிற ஒரே பெரிய தடி, 'கருவிக்குப் பணம் தர மாட்டோம்' என்பது. ஆளில்லாத மையத்திடமிருந்து கருவியையும் பிடுங்கினால் அங்கே அழைக்கிறவர் கதி என்ன? அதனால் அந்தத் தடியை ஓங்குவார்கள், அடிக்க மாட்டார்கள். நகரத்துக்கும் அது தெரியும். கடிதம் வரும், திட்டம் கேட்பார்கள், ஆலோசகர் வந்து பார்ப்பார், அவகாசம் கொடுப்பார்கள்.

ஓக்லாந்து விவகாரம் இதுதானா?

ஆமாம், இதற்கு நல்ல உதாரணம் அதுதான். கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரக் காவல்துறையின் 911 மையத்தில் சராசரிக் காத்திருப்பே ஒரு நிமிடத்தை ஒட்டி இருந்தது. 2023-இல் கால் ஓஇஎஸ், அளவுகோலை எட்டவில்லை என்று எச்சரித்து, ஓராண்டுக்குள் சரி செய்யாவிட்டால் மாநில நிதிக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டது. செய்தி பெரிதாக வந்தது, நகர மன்றத்தில் கேள்வி வந்தது.

அதற்கு முன்பே பல ஆண்டுகளாக அந்த ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். திருட்டு நடந்துகொண்டிருக்கும்போதே போனைக் காதில் வைத்துப் பதிவுக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்ற புகார்கள் அங்கே புதிதல்ல. முன்பு கலிபோர்னியாவில் செல்போன் 911 அழைப்புகள் நெடுஞ்சாலை ரோந்துப் படைக்குப் போய் அங்கிருந்து ஊருக்கு வரும். பிறகு நேரடியாக ஊர் மையத்துக்கே திருப்பினார்கள். அழைப்பவருக்கு ஒரு மாற்றம் மிச்சம், மையத்துக்கோ சுமை ஏறியது. ஆட்கள் அதற்கேற்ப ஏறவில்லை.

என் கருத்து, அந்த எச்சரிக்கையால் பலன் உண்டு. ஆனால் பலன் பணப் பயத்தால் வந்ததில்லை, நாலு பேர் முன்னால் அம்பலமானதால் வந்தது. அப்படியென்றால் மாநிலம் 450 மையங்களின் எண்களையும் மாதாமாதம் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிடலாமே? கையில்தான் கணக்கு இருக்கிறதே.

ஆள் எடுக்க என்ன கஷ்டம்? விளம்பரம் போட்டால் வர மாட்டார்களா?

விண்ணப்பம் வரும். ஆனால் பின்னணி விசாரணை, மனநலப் பரிசோதனை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்டி வேலைக்கு வருவதற்கே மாதக் கணக்கில் ஆகும். கலிபோர்னியாவில் டிஸ்பாட்சருக்கு அடிப்படைப் பயிற்சி குறைந்தது 120 மணி நேரம். அதற்குப் பிறகுதான் உண்மையான பயிற்சி, பழைய ஆள் பக்கத்தில் உட்கார்ந்து காதில் கேட்டுக்கொண்டே சொல்லித் தருவது. அதற்குள் பாதிப் பேர் கழன்றுகொள்வதும் உண்டு. இருப்பவர்கள் ஓவர்டைம் பார்த்துப் பார்த்துச் சோர்ந்து போகிறார்கள், அவர்களும் விலகுகிறார்கள், அப்புறம் மிச்சமிருப்பவர்களுக்கு இன்னும் ஓவர்டைம்.

குழந்தைக்கு மூச்சு நின்றுவிட்டது என்று அலறும் தாய்க்கு நெஞ்சை எப்படி அழுத்த வேண்டும் என்று எண்ணிச் சொல்லித் தரும் வேலை இது. மத்திய அரசின் தொழில் வகைப்பாட்டில் இவர்கள் அலுவலக உதவிப் பணியாளர் பிரிவில்தான் இருந்து வந்தார்கள். அதை மாற்றச் சொல்லி மசோதா பலமுறை போனது. போலீஸ், தீயணைப்பு வீரர் வரிசையில் வைக்காத வேலைக்கு அந்த வரிசைச் சம்பளமும் ஓய்வூதியமும் எங்கிருந்து வரும்?

மாநிலத்தைத் தவிர வேறு யாராவது கேள்வி கேட்க முடியுமா?

சிவில் கிராண்ட் ஜூரி. நம் ஆட்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கலிபோர்னியாவின் ஒவ்வொரு கவுண்டியிலும் சாதாரணக் குடிமக்களைக் கொண்டு ஆண்டுதோறும் இதை அமைக்கிறார்கள். பெரும்பாலான கவுண்டிகளில் 19 பேர். உள்ளூர் அரசு எதையும் இவர்கள் நோண்டலாம், அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கலாம், அறிக்கை போடலாம். நகர மன்றம் 90 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். ஓக்லாந்து இருக்கும் அலமேடா கவுண்டியில் 911 தாமதத்தை 2023-இல் அறிக்கையாகப் போட்டது இவர்கள்தான். அவர்களால் அபராதம் போட முடியாது. ஆனால் 'ஏற்கிறோம், மறுக்கிறோம்' என்று ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டியிருப்பதால் மழுப்ப முடியாது. நீங்கள் அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஒரு வருட வேலை, காசு பெரிதாக இல்லை.

மற்ற மாநிலங்களில் எப்படி?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டென்னசியில் 1998-இல் மாநில அளவில் ஒரு வாரியம் வந்தது. தொடர்ந்து நஷ்டத்தில் ஓடும் மாவட்ட 911 அமைப்புகளை 'நிதி நெருக்கடியில்' என்று அறிவித்து மேற்பார்வையில் எடுத்துக்கொள்ள அதற்கு அதிகாரம் உண்டு. மாசசூசெட்ஸில் மாநிலத் துறையே அமைப்பை இயக்குகிறது. அது ஒரே குடையாக இருப்பதன் இன்னொரு பக்கம் 2024 ஜூன் 18 அன்று தெரிந்தது, ஒப்பந்த கம்பெனியின் ஃபயர்வால் (நெட்வொர்க்கைக் காக்கும் தடுப்பு) அழைப்புகளைத் தடுத்ததில் மாநிலம் முழுக்க சுமார் இரண்டு மணி நேரம் 911 வேலை செய்யவில்லை.

வாஷிங்டன் டிசி மாநிலமே இல்லை, அங்கே கண்காணிக்க மேலே மாநில அரசு கிடையாது. நகரத்தின் தணிக்கையாளர் 2021-இல் மையம் தேசியத் தரத்தை எட்டவில்லை என்று எழுதினார். 2023 ஆகஸ்டில் ஒரு நாய்க் காப்பகத்தில் வெள்ளம் புகுந்து பத்து நாய்கள் இறந்தபோது 911 மையம் அழைப்புகளைக் கையாண்ட விதம் சந்தி சிரித்தது. அதற்கடுத்த வருடச் சட்டத்தில் புள்ளிவிவரத்தை வெளியிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள்.

நியூயார்க், நியூஜெர்சி இரண்டும் போன் பில்லில் வசூலிக்கும் 911 பணத்தை வேறு செலவுக்குத் திருப்புவதாக எஃப்சிசி வருடா வருடம் எழுதிக்கொண்டிருந்தது. கண்காணிக்க வேண்டிய மாநிலத்தையே கண்காணிக்க வேண்டிய நிலை.

ஆள் இருந்தும் அழைப்பே வராமல் போனால்?

அது உள்ளூர் மையத்தின் குற்றமே இல்லை, ஆனால் அடி வாங்குவது அவர்கள். 2014 ஏப்ரலில் கொலராடோவில் இருந்த ஒரு அழைப்புப் பகிர்வு மையத்தில், அழைப்புகளுக்கு வரிசை எண் கொடுக்கும் மென்பொருள் தன் உச்ச வரம்பைத் தொட்டு நின்றுவிட்டது. ஏழு மாநிலங்களில் 81 மையங்கள், 1 கோடியே 10 லட்சம் மக்கள், ஆறு மணி நேரம் வரை. 6,600-க்கு மேற்பட்ட அழைப்புகள் போய்ச் சேரவில்லை. கலிபோர்னியாவிலும் சில மையங்கள் மாட்டின. அந்த மையங்களில் டிஸ்பாட்சர்கள் போன் அடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், ஏதோ அமைதியான இரவு என்று. 15 நொடிக் கணக்கில் அந்த இரவு பழுதே இல்லாமல் தெரியும், வராத அழைப்பை யார் எண்ணுவார்கள்? பிறகு எஃப்சிசி சென்ச்சுரிலிங்க் கம்பெனியிடம் மட்டும் 1 கோடியே 60 லட்சம் டாலர் வாங்கியது.

பக்கத்து ஊர் மையத்துக்குப் போய்விட்டால் என்ன?

செல்போனில் அடிக்கடி நடக்கும். பல ஆண்டுகளாக, நீங்கள் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு, எந்த டவர் பிடித்ததோ அதை வைத்துத்தான் அழைப்பு போனது. 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லாந்து பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் மாணவர்கள் செல்போனில் அழைத்த 911 பெரும்பாலும் பக்கத்து ஊரான கோரல் ஸ்பிரிங்ஸுக்குப் போனது. போலீஸ் வர வேண்டியதோ கவுண்டி ஷெரிப்பிடமிருந்து. அழைப்பை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கேட்டு எழுதிச் சொல்ல வேண்டும். இரண்டு மையமும் தனித்தனியாகப் பார்த்தால் போனை வேகமாக எடுத்திருக்கலாம், ஆனால் நடுவில் போன நேரத்துக்கு யாருடைய அட்டவணையிலும் கட்டம் இல்லை. இருப்பிடத்தை வைத்தே அழைப்பை அனுப்ப வேண்டும் என்று 2024-இல் எஃப்சிசி செல்போன் கம்பெனிகளுக்கு விதி போட்டிருக்கிறது.

வாட்ச் தானாக 911-ஐ அழைக்கிறதே, அதுவும் கணக்கில் சேருமா?

சேரும். பனிச்சறுக்குப் போகிறவர் விழுந்து எழுந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது கையில் இருக்கும் வாட்ச் விபத்து என்று நினைத்து அழைத்துவிடும். கொலராடோவின் மலை ஊர் மையங்கள் 2022-23 குளிர்காலத்தில் இதைச் சொல்லிப் புலம்பின. தவறுதலாகப் போய்விட்டால் வைத்துவிடாதீர்கள். 'தெரியாமல் பட்டுவிட்டது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வையுங்கள், அவர்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

தமிழ்நாட்டு 108-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் வந்தது. மாநிலம் முழுவதற்கும் அழைப்பை வாங்குவது ஒரே ஏற்பாடு, அரசு ஒரு நிறுவனத்திடம் ஒப்பந்தம் போட்டு நடத்துகிறது. அங்கே ஒப்பந்தத்தில் எழுதி, பில் பாஸ் பண்ணும்போது கழுத்தைப் பிடிக்கலாம். கலிபோர்னியாவில் மாநிலத்துக்கும் மையத்துக்கும் நடுவில் ஒப்பந்தக்காரர் இல்லை, தேர்தலில் ஜெயித்த நகர மன்றமும் ஷெரிப்பும் இருக்கிறார்கள். அவர்களை நீக்க மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவால் முடியாது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அவர்கள் அழைத்தால்?

'தமிழ்' என்ற ஒரு சொல்லை மட்டும் தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள், கூடவே வீட்டு எண்ணும் தெருப் பெயரும். மையங்கள் போன் வழி மொழிபெயர்ப்பாளரை மூன்றாவது ஆளாக இணைப்பார்கள். அவர் வந்து சேர எடுக்கும் நேரமும் அந்த 15 நொடிக்கு வெளியேதான், அதனால் முகவரி முதலில் போய்விட வேண்டும். முகவரியை ஆங்கில உச்சரிப்பில் தமிழ் எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

என் அழைப்பை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. புகார் செய்து பலன் உண்டா?

உண்டு, ஆனால் 'ரொம்ப நேரம்' என்று எழுதினால் பலன் இல்லை. முதலில் உங்கள் போனின் அழைப்புப் பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மையத்தை நடத்தும் துறைக்கு, பொதுப் பதிவுகள் சட்டத்தின் கீழ், அந்தத் தேதி, நேரம், உங்கள் எண் மூன்றையும் போட்டு அழைப்புப் பதிவையும் கணினிப் பதிவின் நேர வரிசையையும் கேளுங்கள். தருவோமா மாட்டோமா என்று பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும். விசாரணையில் இருக்கிறது என்று ஒலிப்பதிவை மறுக்கவும் கூடும், அப்போதும் நேரங்களையாவது கேளுங்கள். அதே கடிதத்தில், கடந்த பன்னிரண்டு மாதங்களில் 15 நொடிக்குள் எடுத்த சதவீதம் மாதவாரியாக, கைவிடப்பட்ட அழைப்புகள் தனியாக, என்றும் சேர்த்துவிடுங்கள்.

தள்ளிப் போடாதீர்கள். வழக்கமான போன், ரேடியோ ஒலிப்பதிவுகளை நகரங்களும் கவுண்டிகளும் 100 நாள் வரை வைத்திருந்தால் சட்டப்படி போதும், அதற்குப் பிறகு அழித்துவிடலாம். நீங்கள் எழுத்தில் கேட்டுவிட்டால் அந்தப் பதிவை எடுத்து வைக்கச் சொன்னதற்கு ஒரு ஆதாரம் உங்கள் கையில் இருக்கும். பதில் வந்ததும் ஒரு நகல் நகர மன்ற உறுப்பினருக்கு, ஒன்று கவுண்டி கிராண்ட் ஜூரிக்கு, ஒன்று கால் ஓஇஎஸ்ஸின் 911 பிரிவுக்கு.